மாணவர் கட்டுரையில் சிந்தனையை அளப்பது யார்: ஆசிரியரா, சொல் எண்ணும் மென்பொருளா, செயற்கை நுண்ணறிவா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழாசிரியர் சிலர் சென்ற ஆண்டு முழுவதும் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்டார்கள். பதினோராம் வகுப்பு மாணவர்கள் கட்டுரையில் மனப்பாடம் செய்ததைக் கொட்டுகிறார்களா, தாமாக எடைபோட்டு எழுதுகிறார்களா என்பதை அளக்க வேண்டும். அதற்கு மென்பொருளை நம்பலாமா, பழையபடி நாமே திருத்துவதா என்பதே அந்தக் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், வாய்ச்சொல்லாக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனவே ஒரு வகுப்பின் 42 கட்டுரைகளை, பெயர்களை மறைத்துவிட்டு, மூன்று வழிகளிலும் மதிப்பிட்டுப் பார்த்தேன். தலைப்பு, மாணவர்கள் அன்றாடம் கண்ணால் காணும் ஒன்று: நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்னும் இ-பாஸ் முறை தொடர வேண்டுமா?

எதை அளக்கிறோம்

திறனாய்வுச் சிந்தனை என்ற சொல்லுக்குள் பல திறன்கள் அடங்கியுள்ளன. 1990இல் பீட்டர் ஃபேசியோன் வெளியிட்ட அறிக்கை, 46 அறிஞர்கள் பல சுற்றுகளாகக் கருத்துப் பரிமாறி எட்டிய உடன்பாட்டைச் சொல்கிறது. பொருள் கொள்ளல், பகுத்தல், மதிப்பிடல், உய்த்துணர்தல், விளக்கல், தன் எண்ணத்தைத் தானே சரிபார்த்தல் ஆகிய ஆறும் அதில் இடம்பெற்றன. அதற்கு முன்பே, 1958இல் ஸ்டீபன் டூல்மின் ஒரு வாதத்தின் உறுப்புகளைக் கூற்று, சான்று, அவ்விரண்டையும் இணைக்கும் நியாயம், அந்த நியாயத்துக்குப் பின்பலம், வரம்பு, மறுப்பு எனப் பிரித்துக் காட்டியிருந்தார்.

ஆனால் நம் மாணவரிடம் பேசுவதற்கு நன்னூலே போதும் என்பது என் அனுபவம். பவணந்தி முனிவர் சொல்லும் எழுவகை மதங்களில், பிறர் கருத்தை உடன்படலும் மறுத்தலும் மட்டுமல்லாமல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிதலும் இருக்கின்றன. கட்டுரையில் நாம் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இவற்றிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். மாணவர் தன் கூற்றுக்குச் சான்று தருகிறாரா, அது தான் கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா எனப் பிரிக்கிறாரா? சான்றிலிருந்து முடிவுக்குச் சென்ற வழியைக் காட்டுகிறாரா? எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவில் சொல்லி விடை தருகிறாரா? தன் முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்று வரம்பு கட்டுகிறாரா?

எந்த அளவைகளால் எடைபோடுவது

மதிப்பிடும் வழிகளுக்கும் அளவைகள் வேண்டும். முதலாவது ஏற்புடைமை: அந்த வழி மேற்சொன்ன நான்கையும் அளக்கிறதா, அல்லது அவற்றோடு சேர்ந்து வருகிற வேறொன்றை அளக்கிறதா என்பது. இரண்டாவது ஒருமை: அதே தாளை இன்னொருவரோ இன்னொரு நாளோ மதிப்பிட்டால் அதே மதிப்பெண் வருமா என்பது.

மூன்றாவது நடுநிலை; நீலகிரியில் இதை ஒரு வரியில் கடந்துவிட முடியாது. ஒரே வகுப்பில் படுக மொழி பேசும் வீட்டுப் பிள்ளையும், கூடலூர்ப் பக்கமென்றால் மலையாளமோ கன்னடமோ பேசும் பிள்ளையும், இருளர், குறும்பர், பணியர் குடும்பத்துப் பிள்ளையும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளையும் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள். எழுத்துத் தமிழின் மீதான பிடிப்பு இவர்கள் அனைவருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. சிந்தனையை அளக்கப் புகுந்து, நடையின் மெருகை அளந்துவிட்டு வந்தால் அது அநீதி.

இவற்றோடு செலவும், பின்விளைவும், மாணவரின் தனியுரிமையும் கருத வேண்டியவை. பின்விளைவு என்பது, எப்படி மதிப்பெண் வருகிறது என்று தெரிந்தபின் மாணவர் எப்படி எழுதத் தொடங்குவார் என்பதே.

முதல் வழி: ஆசிரியர்களே அளவுகோல் வைத்துத் திருத்துதல்

இதன் பெரிய குறை நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. நான்கு கேள்விகளுக்கும் மதிப்பெண் இட ஒரு கட்டுரைக்கு எட்டு நிமிடம் என்றால், 42 கட்டுரைகளுக்கு 336 நிமிடங்கள், அதாவது ஐந்து மணி 36 நிமிடம் ஆகிறது. அதில் கால் பங்கை, பத்துப் பதினோரு தாள்களை, இன்னொரு ஆசிரியரும் தனியே திருத்தினால் ஒருமையைச் சோதிக்கலாம்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது: திருத்துபவரின் களைப்பு, அழகிய கையெழுத்தின் ஈர்ப்பு, "இவன் நல்ல பையன்" என்ற முன்னெண்ணம் ஆகியவை மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடுகின்றன. பெயரை மறைப்பதும், ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்தாமல் முதல் கேள்வியை எல்லாத் தாள்களிலும் முடித்துவிட்டு இரண்டாம் கேள்விக்குச் செல்வதும் இதைப் பெருமளவு குறைக்கின்றன.

ஒருமையைச் சொல்லும்போது சதவீதம் ஏமாற்றும் என்பதையும் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 தாள்களில் "எதிர்த்தரப்பைக் கருதினாரா" என்பதற்கு இரண்டு ஆசிரியர்களும் தலா 20 தாள்களுக்கு ஆம் என்கிறார்கள், 30 தாள்களில் ஒத்துப்போகிறார்கள் என்று கொள்வோம். 75 சதவீதம் என்றால் நன்றாகத் தோன்றும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்குப் பாதி ஆம் போட்டிருந்தாலும் தற்செயலாகவே 50 சதவீதம் ஒத்திருக்கும். ஜேக்கப் கோகன் 1960இல் தந்த கப்பா என்னும் அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிடுகிறது. கழித்தபின் எஞ்சுவது 0.5 மட்டுமே. அப்படி வந்தால், மாணவரைக் குறை சொல்லும் முன் ஆசிரியர் இருவரும் ஓர் பிற்பகல் உட்கார்ந்து, ஆறு மாதிரித் தாள்களைச் சேர்ந்து படித்து, "வலுவான எதிர்த்தரப்பு" என்றால் என்ன என்று பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சுதான் இந்த வழியின் மறைமுக வரவு. என்னோடு திருத்திய ஆசிரியரும் நானும் அப்படிப் பேசியபோது, நாங்கள் இருவருமே உவமையைச் சான்றாக எண்ணி மதிப்பெண் தந்துவந்திருக்கிறோம் என்பது தெரிந்தது.

மதிப்பெண் இடாமலேயே தரவரிசை பெற இன்னொரு முறையும் உண்டு. லூயிஸ் தர்ஸ்டன் 1927இல் வகுத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு, இரண்டு தாள்களை அருகருகே வைத்து எது மேல் என்று மட்டும் கேட்பது அது. 42 தாள்களும் தலா பத்து முறை ஒப்பிடப்பட 210 ஒப்பீடுகள் தேவை. மூன்று ஆசிரியர் பகிர்ந்தால் ஆளுக்கு எழுபது. தரவரிசை நன்றாக வருகிறது, ஆனால் மாணவரிடம் எங்கே குறை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வழி: சொற்களையும் தொடர்களையும் எண்ணும் மென்பொருள்

கட்டுரையைக் கணினியால் மதிப்பிடும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த எல்லிஸ் பேஜ் 1966லேயே இதைத் தொடங்கிவிட்டார். அவர் செய்த ஒரு வேறுபாட்டை இன்றைய விற்பனையாளர்கள் மறந்துவிடுகிறார்கள். கட்டுரையின் உள்ளார்ந்த தன்மையைக் கணினியால் நேரே அளக்க முடியாது. அதோடு சேர்ந்து வருகிற கட்டுரை நீளம், சொல் நீளம், காற்புள்ளி எண்ணிக்கை போன்ற பதிலிகளைத்தான் அளக்க முடியும் என்று அவரே பிரித்துக் காட்டினார்.

பதிலிகளின் ஆபத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழுவினர் உருவாக்கிய லூக் (LIWC) என்ற சொல்லெண்ணும் மென்பொருளின் "பகுத்தறி சிந்தனை" அளவு. சுமார் 25,000 கல்லூரி மாணவர்களின் சேர்க்கைக் கட்டுரைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்விலிருந்து பிறந்த அந்த அளவு, ஆங்கிலத்தின் a, the போன்ற சுட்டிடைச்சொற்களும் in, of போன்ற முன்னிடைச்சொற்களும் மிகுந்தால் ஏறும். பிரதிப்பெயர்களும் இணைப்புச் சொற்களும் எதிர்மறைச் சொற்களும் மிகுந்தால் இறங்கும். கல்லூரி மதிப்பெண்ணோடு அது ஒத்துச் சென்றது என்பது உண்மை. ஆயினும் நம் நோக்கத்துக்கு வைத்துப் பாருங்கள்: "ஆனால் அது உண்மையில்லை, ஏனென்றால்..." என்று எதிர்த்தரப்பை மறுக்கும் மாணவருக்கு அந்த அளவு இறங்கும். தமிழிலோ அதன் அடித்தளமே கிடையாது. நம் மொழியில் சுட்டிடைச்சொல் அப்படிக் கட்டாயமாக வருவதில்லை. முன்னிடைச்சொல்லின் வேலையை வேற்றுமை உருபுகள் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு செய்கின்றன.

ஒட்டிக்கொள்வதில்தான் தமிழின் காரண காரியத்தில் பெரும்பகுதி இருக்கிறது. "மழையால் கூட்டம் குறைந்தது" என்பதில் ஆல் காரணத்தைச் சொல்கிறது. "மழை பெய்தால் கூட்டம் குறையும்" என்பதில் அதே ஆல் நிபந்தனை. "மழை பெய்ததால் குறைந்தது" என்பதில் மீண்டும் காரணம். "மழை பெய்தாலும் குறையவில்லை" என்பதில் ஓர் உம் சேர்ந்ததும் எதிர்பார்ப்பை மறுக்கும் வாதமாகிவிடுகிறது. சொல்லீற்றை மட்டும் வெட்டி எண்ணும் கருவி இந்த நான்கையும் ஒரே கூடையில் போடுகிறது. "ஆகவே", "எனவே", "ஆதலால்" போன்ற தனிச் சொற்களை மட்டும் எண்ணும் கருவியோ இந்த நான்கில் ஒன்றைக்கூடக் காண்பதில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரிக்கும் "வந்ததாம்", "இருக்குமாம்" போன்ற வடிவங்களும் அப்படியே நழுவிவிடுகின்றன. சான்றின் மூலத்தை ஓர் ஈற்றிலேயே சொல்லிவிடும் மொழி நம்முடையது. அதைப் பார்க்காத கருவியால் நம் பிள்ளைகளின் சிந்தனையை அளக்க முனைவது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் 42 தாள்களில் ஒன்று பேச்சுத் தமிழில் இருந்தது. இ-பாஸ் வந்த மே மாதத்தைப் பற்றி அந்த மாணவர் எழுதிய மூன்று வரிகள் இவை: "எங்க மாமா கடையில அந்த மே மாசம் வியாபாரம் கொறஞ்சுது. ஆனா அந்த மே மாசம் மழையும் நெறைய பேஞ்சுது. இ-பாஸா மழையான்னு இன்னொரு மே மாசம் பாத்தாத்தான் சொல்ல முடியும்." சான்று உண்டு, அதன் மூலம் உண்டு, மாற்றுக் காரணம் உண்டு, முடிவை நிறுத்திவைக்கும் பொறுமையும் உண்டு. எண்ணும் கருவிக்கு இதில் அகராதிச் சொற்களே குறைவு. எனவே கடைசி வரிசையில் வைத்தது. முதல் வரிசையில் அது வைத்த தாளில் பத்திக்குப் பத்தி "எனவே" வந்தது. அந்த "எனவே"க்கு முன்னே காரணம் எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் நிலைமை இதுவே: லெஸ் பெரல்மனும் மாணவர்களும் 2014இல் உருவாக்கிய ஒரு நிரல், பொருளற்ற ஆனால் பகட்டான கட்டுரைகளை எழுதித் தானியங்கித் திருத்திகளிடம் உயர்ந்த மதிப்பெண் வாங்கிக் காட்டியது.

ஆனாலும் இதை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். தனி மாணவருக்கு மதிப்பெண் இடாமல், ஒரு வகுப்பின் பழக்கத்தைப் பார்க்க இது உதவும். "ஆனாலும்", "எனினும்", "இருந்தபோதிலும்" போன்றவை ஒரு வகுப்பின் கட்டுரைகளில் ஏறத்தாழ இல்லவே இல்லை என்று எண்ணிக்கை காட்டினால், எதிர்த்தரப்பை எடுத்துப் பேச நாம் கற்றுத்தரவில்லை என்பதற்கு அது நல்ல குறிப்பு.

இதன் அடுத்த படியான, ஆசிரியர் மதிப்பெண்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் திருத்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரே தலைப்பில், மனிதர் கவனமாகத் திருத்திய நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருந்தால்தான் அதைப் பயிற்றுவிக்க முடியும். ஒரு மலைப் பள்ளிக்கு அது எட்டாது. தலைப்பு மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் வழி: பெருமொழி மாதிரிகள்

ஏராளமான எழுத்தைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டு, கேட்டதற்கு விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இவை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பலருடைய மனத்தில் இருப்பது இதுதான். என் நான்கு கேள்விகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தாளிலிருந்து மேற்கோள் காட்டி மதிப்பெண் இடச் சொன்னேன். பேச்சுத் தமிழ்த் தாளின் சிறப்பை அது கண்டுகொண்டது என்பதை முதலில் மனமாரச் சொல்ல வேண்டும். எண்ணும் கருவி தவறவிட்ட மாற்றுக் காரணத்தை இது சரியாகச் சுட்டியது.

குறைகளும் தெளிவாகத் தெரிந்தன. அதே தாளை மறுநாள் கொடுத்தபோது வேறு மதிப்பெண் வந்தது. நீளமும் மெருகும் உள்ள தாள்களை நோக்கி அது சாய்ந்தது. சில இடங்களில், தாளில் இல்லாத வாக்கியத்தை மாணவருடையதாக மேற்கோள் காட்டியது. படித்துப் பார்க்காமல் ஏற்றிருந்தால் அது தெரிந்திருக்காது. ஊர் வழக்கும் அதற்கு எட்டவில்லை. வேறொரு பயிற்சியில் ஒரு மாணவி, புல்வெளியை மூடியிருந்த சீகை மரங்களை வெட்டியபின் ஓடையில் நீர் கூடியதாகத் தாத்தா சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். இங்கே சீகை என்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் என்பது குழந்தைக்கும் தெரியும். கருவி அதைத் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயாக எடுத்துக்கொண்டு, சான்று பொருந்தவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தது.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். மாணவர் கையால் எழுதுகிறார். கருவிக்குத் தட்டச்சு வேண்டும். கையெழுத்துப் படத்தைப் படிக்கவைத்தால் துணைக்காலும் ரகரமும், னகரமும் ணகரமும் இடம் மாறி, மாணவர் செய்யாத பிழைகள் அவர் கணக்கில் ஏறுகின்றன. தமிழ்ச் சொல்லை இந்தக் கருவிகள் ஆங்கிலச் சொல்லைவிடப் பல துண்டுகளாக உடைப்பதால், துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவையில் அதே அளவு கருத்துக்கு நாம் கூடுதலாகக் கட்டுகிறோம். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மின்சாரமும் இணையமும் எப்படியிருக்கும் என்று அங்குள்ள ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தனியுரிமை இதைவிடப் பெரியது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ எல்லோரும் இதற்குள் வருவார்கள். பெயரை நீக்கினால் போதாது; "எங்கள் ஊரில் சுற்றுலா ஜீப் ஓட்டுபவர் என் அப்பா ஒருவர்தான்" என்ற வரி சிற்றூரில் ஒரு வீட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

பின்விளைவைப் பொறுத்தவரை என் கவலை இது: மதிப்பிடும் கருவியும் எழுதித்தரும் கருவியும் ஒன்றே. அதன் ரசனை என்னவென்று மாணவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்.

மூன்றும் அருகருகே

| அளவை | ஆசிரியர், அளவுகோல் | சொல் எண்ணல் | பெருமொழி மாதிரி |
|---|---|---|---|
| ஏற்புடைமை | உயர்வு, பேசித் தெளிந்தபின் | தாழ்வு. தமிழில் மிகத் தாழ்வு | நடுத்தரம். மேற்கோளைச் சரிபார்க்க வேண்டும் |
| ஒருமை | இருவர் திருத்தினால் தெரியும் | முழுமை | நாளுக்கு நாள் மாறும் |
| நடுநிலை | பெயர் மறைத்தால் நன்று | பேச்சு வழக்குக்குப் பாதகம் | மெருகுக்குச் சாதகம் |
| மறைமுகச் செலவு | களைப்பு, ஒரு பிற்பகல் | தட்டச்சு, அகராதித் தயாரிப்பு | தட்டச்சு, கட்டணம், ஒப்புதல், மறுவாசிப்பு |
| பின்விளைவு | கேள்விகளை மாணவர் உள்வாங்குவார் | இணைப்புச் சொற்களைத் தூவுவார் | கருவியின் நடையைப் பின்பற்றுவார் |

சொல் எண்ணலின் ஒருமை முழுமை என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். தவறான ஒன்றை ஒவ்வொரு முறையும் பிசகாமல் அளப்பதும் ஒருமைதான்.

எந்தப் பள்ளிக்கு எது

மதிப்பெண் பட்டியலில் ஏறப்போகிற எண்ணாக இருந்தால், வகுப்பில் அறுபது பேர் வரை இருக்கும் பள்ளிக்கு முதல் வழியே போதும் என்பது என் உறுதியான கருத்து. நம் மலைப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். ஒரே ஒரு தமிழாசிரியர் உள்ள பள்ளி, அடுத்த பள்ளியோடு பத்துத் தாள்களின் ஜெராக்ஸை மாற்றிக்கொள்ளலாம்.

பல பள்ளிகள் சேர்ந்து, ஓராண்டில் மாணவர் எழுத்து எப்படி மாறியது என்று பார்க்க விரும்பினால், கட்டுரைகள் முன்பே தட்டச்சில் இருந்தால், எண்ணும் மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதை எண்ணுவது என்ற பட்டியலைத் தமிழாசிரியர்கள் தயாரிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென வகுத்த பட்டியலை மொழிபெயர்த்து எண்ணுவதைவிட எண்ணாமலிருப்பது நல்லது.

பெருமொழி மாதிரியை மதிப்பெண்ணுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையில் கேள்வி கேட்கும் துணையாக, பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாள வரிகளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். மதிப்பெண் போடாதே, இந்தக் கட்டுரையை மறுப்பவர் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை மட்டும் எழுது என்று சொன்னபோது அது நன்றாகவே பணி செய்தது. ஆசிரியர் அந்தக் கேள்விகளைப் படித்து, ஊருக்குப் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு மாணவரிடம் தர வேண்டும்.

பேச்சுத் தமிழில் எழுதிய அந்த மாணவருக்கு நாங்கள் இருவரும் தனித்தனியே நான்காம் கேள்வியில் முழு மதிப்பெண் தந்திருந்தோம். எழுத்துத் தமிழில் திருப்பி எழுதிவரச் சொன்னோம். "இன்னொரு மே மாதத்தையும் பார்த்த பின்னரே காரணம் இன்னதெனத் துணிய முடியும்" என்று எழுதிவந்தார். இரண்டு வரைவுகளையும் பெயரில்லாமல் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் ஆசிரியர்கள் கூடும்போது முதல் மாதிரித் தாளாக அதைத்தான் படிக்கப் போகிறோம்.